சில்லிஸ்: 153 பலகைகளும் 60 பிராங்க் டாக்ஸியும்

ஸ்விட்சர்லாந்தில் யாரும் காசு பிடுங்க மாட்டார்கள் என்று சொல்பவர்கள் துஸிஸ் ஸ்டேஷன் வாசலில் மழையில் நின்று டாக்ஸி பிடித்திருக்க மாட்டார்கள். அடுத்த பேருந்துக்கு இன்னும் நேரம் இருந்தது, குடை வேறு கிழிந்துவிட்டது. பத்து கிலோமீட்டர்கூட இல்லாத சில்லிஸ் கிராமத்துக்கு டாக்ஸிக்காரர் 60 பிராங்க் கேட்டார். ஒரு பிராங்க் நூறு ரூபாய்க்கு மேல், நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். மழை, மலைப்பாதை, ஞாயிற்றுக்கிழமை என்று மூன்று காரணம் சொன்னார். என் டிராவல் பாஸில் அதே பாதையில் மஞ்சள் பேருந்து இலவசம் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

அந்தக் கோபத்தோடுதான் சில்லிஸ் புனித மார்ட்டின் தேவாலயத்துக்குள் நுழைந்தேன். வெளியே பார்த்தால் சாதாரண கிராமத்துக் கோயில்: வெள்ளைச் சுவர், கூர்மையான கோபுரம். வெளிச்சுவரில் வழிப்போக்கர்களின் காவலரான புனித கிறிஸ்டோபர் ஓவியமாக ஆளுயரத்தைத் தாண்டி நிற்கிறார். கணவாய் ஏறப்போகிறவர்கள் கும்பிட்டுவிட்டுப் போக வசதி. உள்ளே கட்டணம் உண்டு, டாக்ஸியை நினைத்தால் சில்லறை. கையில் ஒரு கண்ணாடி தருகிறார்கள். முகம் பார்க்க அல்ல, கழுத்து வலிக்காமல் விதானத்தைப் பார்க்க.

விதானம் முழுக்கச் சதுர மரப்பலகைகள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 90 செ.மீ., வரிசைக்கு 9 வீதம் 17 வரிசை, ஆக 153. யோவான் நற்செய்தியில் பேதுரு இழுத்த வலையிலும் 153 மீன்கள். தற்செயல் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மரவளையங்களை ஆராய்ந்ததில் மரங்கள் 1110களில் வெட்டப்பட்டவை என்று தெரிந்திருக்கிறது. கீழே வைத்து வரைந்து, பிறகு மேலே ஏற்றிப் பொருத்தியிருக்கிறார்கள். இவ்வளவு பழைய மர விதானம் ஓவியத்தோடு கிட்டத்தட்ட முழுசாக நிற்பது ஐரோப்பாவிலேயே அபூர்வம்.

சுற்றியிருக்கும் 48 ஓரப் பலகைகளில்தான் நான் அதிக நேரம் கிடந்தேன். அது உலகைச் சூழ்ந்த கடல். விலங்குகளெல்லாம் பாதி உடம்புக்குக் கீழே மீன் வாலாகிவிடுகின்றன. கடற்கன்னிகள் வாத்தியம் வாசிக்கிறார்கள், நான்கு மூலைகளிலும் காற்றுக்கான தேவதூதர்கள். கடலையே பார்த்திராத மலைநாட்டுக்காரர்களுக்கு இந்த ஓவியர் என்ன சொல்லி வரைந்தாரோ! அவர் பெயரும் நமக்குக் கிடைக்கவில்லை.

நடுவே 105 பலகைகளில் தாவீது, சாலமோனில் தொடங்கி இயேசுவின் வாழ்க்கை. குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த ஞானிகள் மூவரும் ஆளுக்கொரு பலகையில் குதிரை ஓட்டி வருகிறார்கள். பெரிய கண்கள், நீண்ட விரல்கள், கெட்டியான கோடுகள். ஆச்சரியம் என்னவென்றால் கதை முள்முடி சூட்டுவதோடு நின்றுவிடுகிறது. சிலுவையும் இல்லை, உயிர்த்தெழுதலும் இல்லை. கடைசி வரிசையின் ஏழு பலகைகளும் புனித மார்ட்டினுக்கு, பிச்சைக்காரருக்குப் போர்வையை வெட்டிக் கொடுக்கும் காட்சி உட்பட.

ரோமில் மைக்கேலாஞ்சலோ விதானம் வரைந்த சிஸ்டைன் சிற்றாலயத்தை வைத்து, இதை ‘ஆல்ப்ஸின் சிஸ்டைன்’ என்கிறார்கள். எனக்குப் பிடிக்கவில்லை. அவர் அங்கே சாரம் கட்டி ஏறுவதற்கு நானூறு வருடம் முன்னால் இது முடிந்துவிட்டது. அவர் ரோமில் வரைந்துகொண்டிருந்த அதே 1509இல் இங்கே பழைய பலிபீடப் பகுதியை மாற்றி கோதிக் பாணியில் கட்டினார்கள். விதானத்தைத் தொடவில்லை. சில பத்தாண்டுகளில் ஊர் புராட்டஸ்டன்ட் சீர்திருத்தச் சபைக்கு மாறியது. மற்ற இடங்களில் தேவாலயப் படங்கள் கூடாது என்று சுரண்டி அழித்தார்கள், இங்கே தப்பித்தன. புதுப்பிக்கப் பணமில்லாத ஏழைக் கிராமம் என்பதுதான் காப்பாற்றியது என்பது என் ஊகம். 1938-40இல் பலகைகளை இறக்கிச் சீர்செய்து மறுபடி ஏற்றினார்கள். அப்போதே தரைக்கடியில் தோண்டி இன்னும் பழைய கட்டடங்களின் தடயங்களையும் கண்டெடுத்தார்கள்.

போகும் வழி இதோ: சூர் (Chur) நகரிலிருந்து துஸிஸுக்கு ரயில், அங்கிருந்து பேருந்து. நேரம் பார்த்துப் போங்கள், டாக்ஸி வேண்டவே வேண்டாம். நடுவில் வியாமாலா பள்ளத்தாக்கு இருக்கிறது. ஹின்டர்ரைன் (பின்ரைன்) ஆறு பாறையைக் குடைந்த அந்த இடத்தில் கீழே இறங்க முந்நூற்றுக்கும் மேற்பட்ட படிகள், அதற்குத் தனிக் கட்டணம். முட்டி வலி இருந்தால் பாலத்திலிருந்து எட்டிப் பாருங்கள், போதும். சாப்பாட்டுக்கு உள்ளூர் வாற்கோதுமை சூப் கேளுங்கள். உப்புக்கண்ட இறைச்சி சேர்ந்திருக்கும், சைவர்கள் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஒரு கிண்ணமே மதியத்துக்குத் தாங்கும், பட்ஜெட்டையும் உடைக்காது. என் பட்ஜெட்டைத்தான் காலையிலேயே அந்த டாக்ஸிக்காரர் உடைத்துவிட்டாரே.