1939 ரூபாயை கிரேடிங்குக்கு அனுப்பிய அனுபவம்

நாணயம் அசலா என்று ஒரு நிறுவனத்திடம் சோதித்து, அதன் தரத்துக்கு ஓர் எண் வாங்குவதுதான் கிரேடிங். அப்படிச் செய்தால் நாணயத்தின் விலை ஏறுமா என்று சேகரிப்பாளர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். என்னிடம் இருந்த சில பிரிட்டிஷ் இந்திய நாணயங்களை அனுப்பி, திரும்ப வாங்கி, அதில் ஒன்றை விற்கவும் செய்துவிட்டேன், அதனால் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

எல்லாம் 1939 ஒரு ரூபாயில் ஆரம்பித்தது. ஆறாம் ஜார்ஜ் உருவம் போட்ட ரூபாயில் 1938, 1939 என்று தேதி உள்ளவை மட்டும்தான் 91.7 சதவீத வெள்ளி, 1940 முதல் பாதி வெள்ளியாகக் குறைத்துவிட்டார்கள். 1938 சுலபமாகக் கிடைக்கும், 1939 கிடைக்காது, அதனாலேயே சந்தையில் அதற்குப் போலி ஏராளம். என்னுடையதை ஒரு மூத்த சேகரிப்பாளரிடம் வாங்கியிருந்தேன். எடை 11.66 கிராம் சரியாக இருந்தது, விளிம்பு வரிகளும் சரி. ஆனாலும் கண்காட்சிகளில் யாரிடம் காட்டினாலும் முதலில் லென்ஸை எடுத்து ஆண்டின் கடைசி எண்ணைத்தான் பார்ப்பார்கள், அப்புறம் ஒரு விலை சொல்வார்கள், அந்த விலையில் பாதி சந்தேகத்துக்காகக் கழித்தது என்று நன்றாகவே தெரியும். அவர்களைக் குறை சொல்ல முடியாது, நான் வாங்கும் இடத்தில் இருந்தால் நானும் அப்படித்தான் கேட்பேன்.

சரி, அனுப்பலாம் என்று முடிவு செய்ததும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது சட்டம். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறு வயதான நாணயம் தொல்பொருள் கணக்கில் வரும், அதை நாமாக வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. அதனால் என் விக்டோரியா ரூபாய்களும், 1911 'பன்றி ரூபாயும்' பட்டியலிலிருந்து வெளியே போயின. (ஐந்தாம் ஜார்ஜின் அங்கியில் இருக்கும் சின்ன யானை பன்றி மாதிரித் தெரிகிறது என்று மக்கள் கொதித்து, அடுத்த ஆண்டே யானையைத் திருத்தி அடித்தார்களே, அதுதான்.) இந்த விஷயத்தில் யாராவது "நான் பார்த்துக்கொள்கிறேன் சார்" என்று சொன்னால் அவரிடம் நாணயத்தைக் கொடுக்காதீர்கள்.

மிச்சம் இருந்ததில் 1939, எங்கள் வீட்டு 1938, புலி போட்ட 1947 நிக்கல் ரூபாய், இன்னும் சில. அமெரிக்காவில் பிசிஜிஎஸ், என்ஜிசி என்று இரண்டு பெரிய கிரேடிங் நிறுவனங்கள் இருக்கின்றன, இரண்டும் எண்பதுகளில் தொடங்கியவை. நான் ஒரு டீலர் மூலமாக அனுப்பினேன், பலருடைய நாணயங்களையும் சேர்த்து ஒரே பார்சலாக அனுப்புகிறவர். வெளியே போன அதே நாணயம்தான் திரும்பி வருகிறது என்று சுங்கத்தில் காட்டும் காகிதங்களும் அவர் பொறுப்பு. நம் பங்குக்கு இரு பக்கமும் தெளிவாகப் படம் எடுத்து, எடை குறித்து, மைலார் உறையில் போட்டுக் கொடுக்க வேண்டும். கடையில் மலிவாகக் கிடைக்கும் மெத்தென்ற பிவிசி உறை வேண்டவே வேண்டாம், நாளாக ஆக நாணயத்தின் மேல் பச்சையாகப் பிசுபிசுப்பு படியும். கட்டணம் நாம் எழுதிக் கொடுக்கும் மதிப்பைப் பொறுத்து மாறும், அதற்கு மேல் போக வர அனுப்பும் செலவு, காப்பீடு. பிறகு மாதக்கணக்கில் காத்திருப்புதான்.

அங்கே ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் பார்த்து 1 முதல் 70 வரை ஓர் எண் கொடுப்பார்கள், நாணயம் யாருடையது என்று பார்ப்பவருக்குத் தெரியாது. 60உம் அதற்கு மேலும் என்றால் எம்எஸ், அதாவது புழக்கத்துக்கே போகாதது. இந்த 70 எங்கிருந்து வந்தது என்று படித்தபோது எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. 1949இல் வில்லியம் ஷெல்டன் பழைய அமெரிக்கப் பெரிய செண்ட்களுக்காக உருவாக்கியது அது, 70ஆம் தரத்து நாணயம் 1ஆம் தரத்தைவிட எழுபது மடங்கு விலை பெறும் என்ற கணக்கில். விலைக்காகவே பிறந்த அளவுகோல்! அந்தக் கணக்கு பிற்பாடு நிற்கவில்லை. 1884 சான் பிரான்சிஸ்கோ மோர்கன் டாலரை எடுத்துக்கொள்ளுங்கள், தேய்ந்தது யாரும் வாங்கக்கூடிய விலையில் கிடைக்கும், 'எம்எஸ் 65' தரத்தில் உள்ளதோ ஒரு லட்சம் டாலரைத் தாண்டும். தேய்ந்தவை நிறைய இருந்து புதிதாகத் தப்பியவை அபூர்வம் என்றால் அங்கே ஒவ்வொரு எண்ணும் பணம்தான்.

முடிவுகள் இணையத்தில் வந்தன. 1939 அசல், ஏயு 55, அதாவது கிட்டத்தட்ட புழக்கத்துக்குப் போகாத தரம். அதைப் பார்த்ததும் வந்த நிம்மதியைச் சொல்லி முடியாது.

வீட்டு 1938க்கு எண்ணே கிடைக்கவில்லை. 'ஏயு டீட்டெய்ல்ஸ், க்ளீன்ட்' என்று எழுதி வந்தது, அதாவது உருவம் ஏயு அளவுக்குத் தெளிவு, ஆனால் தேய்த்துச் சுத்தம் செய்தது. ஆத்தா வருடா வருடம் லட்சுமி பூஜைக்கு முன்னால் விபூதி போட்டுப் பளபளவென்று தேய்த்து வைத்த ரூபாய் அது. கண்ணுக்கு அழகாகத்தான் இருக்கும், ஆனால் விளக்கடியில் சாய்த்துப் பார்த்தால் ஒரே திசையில் மெல்லிய கோடுகள், அச்சிலிருந்து வரும்போது இருந்த உருளும் மினுமினுப்பு போய்விட்டது. இது எனக்கு அனுப்பும்போதே தெரியும், குடும்ப நாணயம் நல்ல ஸ்லாபுக்குள் (அவர்கள் நாணயத்தை வைத்து மூடித் தரும் கெட்டிப் பிளாஸ்டிக் பெட்டி) பத்திரமாக இருக்கட்டும் என்றுதான் அனுப்பினேன். ஆனால் நம் வீடுகளில் இருக்கும் பழைய வெள்ளி நாணயங்களில் பெரும்பாலானவற்றின் நிலை இதுதான், விபூதியோ புளியோ படாத ரூபாய் அபூர்வம். தயவுசெய்து இனியாவது தேய்க்காதீர்கள், பூஜைக்கு வேறு நாணயம் வையுங்கள். கறுத்துப்போன நாணயத்துக்குக்கூட எண் கிடைக்கும்.

1947 புலி ரூபாய் எம்எஸ் 63. நல்ல தரம்தான், ஆனால் அந்தத் தரத்தில் ஸ்லாப் இல்லாமலே நிறையக் கிடைக்கிறது, கிரேடிங் கட்டணம்கூட அதில் தேறவில்லை.

1939ஐ பின்னால் ஏலத்தில் விற்றேன். முன்பு கண்காட்சியில் கேட்ட எந்த விலையையும்விட நன்றாகவே மேலே போனது, கட்டணமெல்லாம் கழித்த பிறகும். ஆண்டின் கடைசி எண்ணை லென்ஸ் வைத்து யாரும் தோண்டவில்லை. வாங்கியவர் ஸ்லாபில் இருந்த சான்று எண்ணை நிறுவனத்தின் தளத்தில் போட்டு, அங்கிருந்த படத்தில் ராஜாவின் கழுத்தருகே இருக்கும் சின்னக் கீறலும் கையில் இருந்த நாணயத்தின் கீறலும் ஒன்றா என்று மட்டும் கேட்டார். ஸ்லாபிலேயே போலி வருவதால் அது சரியான கேள்வி, நீங்கள் வாங்கும்போதும் அதைக் கேளுங்கள்.