ரான்சம்வேர் பூட்டிய ஃபைல்கள் கிளவுடிலிருந்து திரும்பிய கதை: தலைவலி தந்த இடங்கள் மட்டும்

ஃபைல்களைப் பூட்டிவிட்டுச் சாவிக்குப் பணம் கேட்கும் நிரல்தான் ரான்சம்வேர். அது பூட்டிய ஃபைல்கள் வந்துவிட்டன, கிட்டத்தட்ட எல்லாமே. ஒரு நாள் வேலை ஐந்து நாள் இழுத்ததுதான் எரிச்சல். கிளவுடில் (ஒன்டிரைவ், கூகுள் டிரைவ்) மீட்டுக்கொண்டிருக்கும்போது, தொற்றிய லேப்டாப் இன்னும் சிங்கில், அதாவது ஃபைல்களைத் தானாக ஏற்றி இறக்கும் இணைப்பில், இருந்தது. ஆன்டிவைரஸ் "சுத்தம்" என்று சொன்னதை நம்பி வைஃபையில் விட்டதன் பலன்: மீட்ட ஃபைல்கள் ஒவ்வொன்றாக அதில் இறங்கின, இறங்கியவை பூட்டப்பட்டு மறுபடி மேலே ஏறின. டாஸ்க் ஷெட்யூலரைத் திறந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, அந்தச் சனியன் சில நிமிடங்களுக்கு ஒருமுறை தன்னையே ஓட்டிக்கொள்ள அங்கே பதிவு போட்டு வைத்திருந்தது.

அதனால் முதல் வேலை நெட்டைத் துண்டிப்பது. வைஃபையை அணையுங்கள், கேபிள் இருந்தால் பிடுங்குங்கள். பாஸ்வேர்டை மாற்றி "எல்லா இடத்திலும் சைன் அவுட்" கொடுத்தால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது முழுதாக அமலாக 24 மணி நேரம் வரை ஆகலாம்; அதற்குள் சிங்க் எல்லாவற்றையும் ஏற்றி முடித்துவிடும். பாஸ்வேர்டை எப்படியும் மாற்றத்தான் வேண்டும், ஆனால் வேறொரு சுத்தமான கருவியிலிருந்து. கிராக் செய்த திருட்டு சாஃப்ட்வேர் வழியாக நுழையும் ரகங்கள் பல, பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளைத் திருடும் இன்னொரு நிரலையும் கூடவே கூட்டிவரும்.

துண்டித்த கையோடு போனில் கிளவுடைத் திறந்து பாருங்கள். அப்லோடு வேகம் குறைவாக இருந்தது இங்கே பெரிய அதிர்ஷ்டம்: பாதி ஃபோல்டர்கள் மேலே பழைய நிலையிலேயே இருந்தன.

எந்த ரகம் என்று கண்டுபிடிக்க ஐடி ரான்சம்வேர், 2016-இல் தொடங்கிய நோ மோர் ரான்சம் ஆகிய தளங்களில் மிரட்டல் குறிப்பையும் பூட்டிய ஃபைல் ஒன்றையும் ஏற்றினால் போதும். தொற்றிய கணினியில் இந்தத் தளங்கள் திறக்கவில்லை என்றால் நெட்டைக் குறை சொல்லாதீர்கள்; சில ரகங்கள், எந்தத் தளத்துக்கு எந்த முகவரி என்று கணினி பார்க்கும் ஹோஸ்ட்ஸ் ஃபைலையே திருத்தி அவற்றை மறித்துவிடும். வந்த விடை ஸ்டாப் டிஜேவியூ. இதில் மிரட்டல் குறிப்பில் உள்ள ஐடியின் கடைசி எழுத்துகள் 'டி1' (t1) என்று முடிந்தால் அது ஆஃப்லைன் சாவி, அதாவது பலருக்கும் பொதுவான சாவி; எம்சிசாஃப்ட் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் இலவச டிகிரிப்டர் (பூட்டைத் திறக்கும் நிரல்) வேலை செய்ய வாய்ப்பு உண்டு. இங்கே 'டி1' இல்லை. ஆன்லைன் சாவி, ஒவ்வொருவருக்கும் தனித்தனி. கதவு மூடியாகிவிட்டது, கிளவுட் ஒன்றுதான் வழி. (இந்த நேரம் பார்த்து "நூறு சதவீதம் டிகிரிப்ட் செய்து தருகிறோம்" என்று ஒருவர் வந்தார். ஆன்லைன் சாவி என்றதும், முதலில் பாதிப் பணம் அனுப்பச் சொன்னார். இப்படிப்பட்டவர்களில் சிலர் திருடனிடமே சாவி வாங்கி, மேலே தங்கள் பங்கையும் சேர்த்து விற்பவர்கள். மற்றவர்கள் அதைக்கூடச் செய்யமாட்டார்கள்.)

மீட்பைத் தொடங்குமுன் பத்து நிமிடம் ஒதுக்கி ஒரு சோதனை செய்யுங்கள். ஒரு படம், ஒரு எக்செல், ஒரு பிடிஎஃப் எடுத்து, பூட்டிய ஃபைலின் வெர்ஷன் ஹிஸ்டரியைத் திறங்கள். பழைய பதிப்பு அங்கே இருந்தால் வெர்ஷன் வழி. ஒரே ஒரு பதிப்புதான் இருக்கிறது, அதுவும் பூட்டியது என்றால் பதற வேண்டாம்: சிங்க் அதைப் புது ஃபைலாக ஏற்றி, பழையதை டெலிட் செய்திருக்கிறது. அசல் ரீசைக்கிள் பின்னில் கிடக்கும். இது புரியாமல் வெர்ஷன் ஹிஸ்டரியையே தோண்டி அரை நாள் வீண்.

ஒன்டிரைவ் பக்கம் சுலபம், கட்டணச் சந்தா இருந்தால். செட்டிங்ஸில் மொத்த டிரைவையும் பின்னோக்கி நகர்த்தும் வசதி உண்டு, 30 நாள் வரை. "நேற்று" என்ற தயார்த் தேர்வைத் தொடாதீர்கள், கஸ்டம் கொடுங்கள். நாள்வாரி வரைபடத்தில் தாக்குதல் நாள் மட்டும் கோபுரம்போல் நிற்கும். கீழே உள்ள பட்டியலில் முதன்முதலாகப் பூட்டப்பட்ட ஃபைலைத் தேடி அதைத் தொட்டால், அதற்குப் பின் நடந்தவை எல்லாம் தானாகத் தேர்வாகும். ஒரு பொறி: அந்த நேரத்துக்குப் பிறகு நீங்கள் உருவாக்கிய நல்ல ஃபைல்களும் ரீசைக்கிள் பின்னுக்குப் போகும். முன்கூட்டியே தனியாக இறக்கி வையுங்கள்.

அடுத்தவர் பகிர்ந்த ஃபோல்டர்கள் இதில் வரவே வராது. அவை உரிமையாளரின் டிரைவில் இருப்பவை, அவர்தான் தன் கணக்கில் மீட்க வேண்டும். அவருக்கு உடனே சொல்லுங்கள். தன் ஃபைல்கள் பூட்டியிருப்பது அவருக்குத் தெரிந்திருக்காது.

கூகுள் டிரைவில்தான் முதுகு ஒடிந்தது. 'மேனேஜ் வெர்ஷன்ஸ்' பழைய பதிப்புகளை 30 நாள் அல்லது 100 பதிப்பு வரை வைத்திருக்கும், சரி. ஆனால் அதை ஃபைல் ஃபைலாகத் திறந்து செய்வது நரகம். ட்ராஷில் கிடந்தவற்றை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து மீட்க முடிந்தது. அதற்கும் 30 நாள்தான் கெடு. வெர்ஷன் வழி மீட்டவற்றில் உள்ளடக்கம் திரும்புகிறது, பெயர் திரும்புவதில்லை! பெயரின் வாலில் ரான்சம்வேர் ஒட்டிய எழுத்துகள் அப்படியே நிற்கும், திறக்க மறுக்கும், மீட்பு தோற்றதாக நினைக்க வைக்கும். வாலை வெட்டினால் திறக்கும். கூகுள் டாக்ஸ், ஷீட்ஸுக்கு மட்டும் கவலை வேண்டாம். கணினியில் தெரிபவை வெறும் சுட்டிகள், பூட்டப்பட்டதும் அந்தச் சுட்டிகள்தான்.

லேப்டாப்பைத் துடைத்து விண்டோஸைப் புதிதாகப் போட்டோம், அதில் கதை ஒன்றுமில்லை. துடைக்காமல் தொடர நினைப்பவர்கள் சிங்க் ஃபோல்டரில் இருக்கும் பூட்டிய ஃபைல்களை அழிக்குமுன் கிளவுட் கணக்கைக் கணினியிலிருந்து அன்லிங்க் செய்யுங்கள். இல்லையென்றால் அந்த டெலிட்டும் மேலே போய்ச் சேரும்.

கிளவுடில் ஏற்றாத சில பெரிய வீடியோக்களும் ஜிப்களும் மிச்சம் நின்றன. இந்த ரகம் ஒவ்வொரு ஃபைலிலும் முதல் 150 கேபியை மட்டும்தான் பூட்டுகிறது. ஜிப்பின் வாலை வெட்டி 7-ஜிப்பில் திறந்தால், தொடக்கத்தில் இருந்த ஒன்றிரண்டு ஃபைல்கள் போக மீதி வந்தது. அதே கேமராவில் எடுத்த நல்ல வீடியோ ஒன்றை மாதிரியாகக் கொடுத்து ரிப்பேர் செய்ததில் ஏழு வீடியோவில் ஐந்து ஓடுகிறது, முதல் சில நொடிகள் இல்லாமல்.