மூணு நாள் ஏன் என்று கேட்ட தம்பிக்கு

பாளையங்கோட்டையில் ஒரு சின்ன லேபில் 11 வருஷமாகக் கல்ச்சர், அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கிற சோதனை, செய்கிறேன். போன வைகாசியில் வீரவநல்லூர்ப் பக்கமிருந்து ஒரு தம்பி தன் அம்மையின் சிறுநீரைக் கொண்டுவந்தார். நீர்க்கடுப்பு. காலை 6 மணிக்குப் பிடித்தது. வயலுக்குத் தண்ணி பாய்ச்சிவிட்டுப் பஸ் ஏறி வந்து சேர 11 மணி ஆகிவிட்டது.

"ஏங்க்கா, ரத்தம் குடுத்தா மத்தியானமே ரிப்போர்ட் தாரிய, இதுக்கு மட்டும் மூணு நாளா?"

நியாயமான கேள்விதான். சர்க்கரை பார்ப்பது இருக்கிறதை அளக்கிற வேலை. இது நாற்றுப் போடுகிற மாதிரி, முளைக்கிற வரைக்கும் காத்திருக்கணும்.

பாத்தி என்பது அகார் ஊற்றிய தட்டு. மேலப்பாளையத்துத் தோழி வீட்டில் நோன்பு திறக்கச் செய்கிற கடல்பாசியேதான் அது. முதலில் ஜெலட்டினில்தான் கிருமி வளர்த்தார்கள். கிருமி வளர்க்கிற 37 டிகிரி சூட்டில் அது உருகிவிடும். அகாரைப் போட்டுப் பார்க்கச் சொன்னவர் ஃபேனி ஹெஸ்ஸே, 1881-ல். சமையலறையில் அகார் புழங்கிய பெண்மணி. ஒவ்வொரு தட்டு ஊற்றும்போதும் எனக்கு அவர் நினைப்பு வரும்.

சரி, மறுநாள் தட்டைத் திறந்தால் மூன்று விதமான கிருமி, கலந்துகட்டி. பிடிக்கும்போது வெளியிலிருந்து ஒட்டின கிருமியும் வெயிலில் 5 மணி நேரம் பாட்டிலுக்குள் கிடந்தால் சேர்ந்து பெருகிவிடும், எது கடுப்புக்குக் காரணம் என்று சொல்ல முடியாது. வாகான சூடு கிடைத்தால் ஈ.கோலை என்கிற குடல் கிருமி 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். முந்தின நாளே வாங்க மாட்டேன் என்று சொல்லியிருக்கணும். அவ்வளவு தூரம் வந்தவரைத் திருப்பி அனுப்ப மனசு வரவில்லை. அதில் அவர் அம்மைக்கு ஒரு நாள் வீண்.

திரும்ப வரச் சொன்னேன். முதல் நீரை விட்டுவிட்டு நடுவில் பிடிக்கணும், 2 மணி நேரத்துக்குள் வந்து சேரணும், முடியாவிட்டால் ஐஸ் வைத்துக் கொண்டுவரணும் என்று சொல்லி அனுப்பினேன். அப்போதுதான் சொன்னார், மெடிக்கலில் கேட்டு சிப்ரோஃப்ளாக்சசின் என்கிற ஆன்டிபயாட்டிக் மாத்திரை வாங்கிக் கொடுத்தாராம், ரெண்டு நாளாகியும் கடுப்பு குறையவில்லையாம். மாத்திரை போடும் முன்னாலேயே கல்ச்சருக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று வருகிறவர்களிடமெல்லாம் தொண்டை வலிக்கச் சொல்கிறேன். மாத்திரை உள்ளே போனபின் பல நேரம் தட்டில் ஒன்றுமே முளைக்காது.

இந்தத் தடவை முளைத்தது. மக்கான்கி என்கிற வகை அகார்த் தட்டு நிறைய ரோஸ் நிறப் புள்ளிகள், ஒரே ஜாதி. லூப்பில், அதாவது சாம்பிள் எடுக்கிற சின்ன வளையத்தில், எடுத்தது ஒரு மில்லிலிட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதிலேயே நூற்றுக்கு மேல். அப்படியென்றால் மில்லிலிட்டருக்கு லட்சத்துக்கு மேல். ஈ.கோலைதான். அதை வேறொரு தட்டில் பரப்பி, ஆன்டிபயாட்டிக் டிஸ்க்குகளை வைத்து, இன்னொரு ராத்திரி இன்குபேட்டரில் வைத்தேன்.

மூன்றாம் நாள் காலை. சிப்ரோ டிஸ்க்கின் ஓரம் வரைக்கும் கிருமி ஒட்டி வளர்ந்திருந்தது, பக்கத்தில் அப்படி ஒரு மருந்தே இல்லாத மாதிரி. நைட்ரோஃபியூரன்டாயின் என்கிற இன்னொரு மருந்தின் டிஸ்க்கைச் சுற்றி மட்டும் கிருமி வளராமல் கண்ணாடி போலத் தெளிந்த வட்டம். ஸ்கேல் வைத்தேன், 21 மில்லிமீட்டர். அந்த மருந்து கேட்கும் என்று சொல்ல 17 இருந்தாலே போதும்.

பேப்பர் தயாராகும் வரை காத்திருக்காமல் டாக்டருக்குப் போன் போட்டுச் சொன்னேன். மாத்திரையை மாற்றினார். அடுத்த வாரம் ரிப்போர்ட் வாங்க வந்த தம்பி, "அம்மைக்குக் கடுப்பு நின்னுட்டுக்கா" என்றார். அப்புறம், சாம்பிள் பிடிக்கிற பாட்டில் ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டு போனார், பக்கத்து வீட்டுச் சித்திக்கு.