மாலை ஐந்து மணிக்கே இரவு

மருந்துச் சீட்டில் ‘இரவு, படுக்கும் முன்’ என்று எழுதியிருக்கும். சிறையில் இரவு எப்போது தொடங்கும் என்பதை லாக்கப் நேரம்தான் முடிவு செய்யும். மாலையில் ஆள் கணக்கெடுத்துக் கதவைப் பூட்டிவிட்டால் விடியும்வரை சாவி அசையாது. அதனால் கடைசி வேளை மருந்து பொழுது சாயும் முன்பே போய்விடும். ஐந்து மணிக்குக் குவெட்டியாபின் என்ற, தூக்கமும் வரவைக்கும் மனநோய் மருந்தை விழுங்கியவர் ஆறரைக்கே சுருண்டு படுத்து, நடுச்சாமத்தில் விழித்துக்கொள்வார். மறுநாள் எங்கள் மருந்தகச் சன்னலுக்கு வந்து, “மாத்திரை கேக்கவே மாட்டேங்குது மேடம், டோஸைக் கூட்டச் சொல்லுங்க” என்பார். டோஸில் குறை இருக்காது, கொடுத்த நேரம்தான் கோளாறு. சீட்டைப் படிக்கும் மருத்துவருக்கு அது தெரியாது. நோய் முற்றிவிட்டது என்று நினைத்துக் கூட்டியும் விடுவார்.

சிறை மருந்தகத்தில் ஆண்டுக்கணக்கில் இருந்ததில், ஆய்வுக்கு வருபவர்கள் எதைப் பார்ப்பார்கள் என்பது எனக்கு மனப்பாடம். குளிர்பெட்டி 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கிறதா, போதை மருந்துப் பதிவேடும் இருப்பும் ஒத்துப்போகின்றனவா, காலாவதியானவை தனியே கிடக்கின்றனவா. எல்லாம் வேண்டியவைதான். ஆனால் நான் பார்த்த கெடுதல்களில் பெரும்பாலானவை ஆள் இடம் மாறும்போது நடந்தவை: உள்ளே வந்த முதல் இரவு, நீதிமன்ற நாள், வேறு சிறைக்கு மாற்றம், விடுதலை.

உதாரணத்துக்கு, கடுமையான மனச்சிதைவு நோய்க்குத் தரும் குளோசபினை எடுத்துக்கொள்வோம். 48 மணி நேரத்துக்கு மேல் விட்டுப்போனால் பழைய டோஸை அப்படியே தொடரக் கூடாது. 12.5 மில்லிகிராமிலிருந்து மறுபடி ஏற்றிக்கொண்டு வர வேண்டும். இல்லையென்றால் ரத்த அழுத்தம் சரியும், வலிப்பு வரலாம். வெள்ளிக்கிழமை மாலை மாற்றலாகி வரும் ஒருவருடைய மருந்து அட்டை திங்கள்கிழமை வந்தால் என்ன ஆகும்? கடைசி மாத்திரை எப்போது விழுங்கினார் என்பதே யாருக்கும் தெரியாது. இன்னொன்றும் உண்டு. வெளியே நிறையப் புகைத்தவர், புகைக்கத் தடை உள்ள சிறைக்குள் வந்தால், அதே டோஸிலேயே ரத்தத்தில் குளோசபின் அளவு ஏறிவிடும். அதைச் சிதைக்கும் கல்லீரல் நொதியைத் தூண்டிக்கொண்டிருந்தது புகைதான், நிக்கோட்டின் அல்ல. ஆகவே நிக்கோட்டின் பட்டை ஒட்டியும் பயனில்லை. இதைக் கேட்டு எழுதிக்கொள்ள சேர்க்கைப் படிவத்தில் ஒரு வரி போதும்.

மாத்திரையை ஒளித்துவைத்து விற்பது நடக்கத்தான் செய்கிறது. நரம்பு வலிக்கான பிரிகாபலின், காபாபென்டின், வலி மருந்தான டிரமடால், மனச்சோர்வுக்கான மிர்டசாபின் எல்லாவற்றுக்கும் உள்ளே கிராக்கி. வலிமையானவர் மிரட்டி, நோயாளியின் கன்னத்தில் ஒதுங்கியதைப் பிடுங்கிக்கொள்வதும் உண்டு. அதற்காக, ‘எல்லாவற்றையும் பொடித்துக் கொடுங்கள்’ என்று நிர்வாகத்திலிருந்து ஒருமுறை வாய்மொழி உத்தரவு வந்தது. மெல்ல மெல்ல வெளியாகும்படி செய்த மார்ஃபின் மாத்திரையைப் பொடித்தால் பல மணி நேரத்துக்கான மருந்து ஒரே மூச்சில் உடலுக்குள் இறங்கும், மூச்சே நின்றுபோகலாம் என்று எழுதிக் கொடுத்தோம். உத்தரவு அமைதியாகக் காணாமல் போனது. போதை அடிமை நிலைக்குச் சிகிச்சையாக நாக்கடியில் வைக்கும் புப்ரெனார்ஃபின் கரையவே சில நிமிடங்கள் பிடிக்கும். வரிசை நீள நீளக் காவலர் “சீக்கிரம், சீக்கிரம்” என்பார். அவர்மீது எனக்குக் கோபம் இல்லை. இரண்டே பேரை வைத்து அந்த வரிசையைப் பார்க்கச் சொன்னவர்கள்மீது உண்டு.

மறுபக்கம், கையில் இருந்தே ஆக வேண்டிய மருந்துகள் இருக்கின்றன. ஆஸ்துமா இன்ஹேலரையும் நெஞ்சுவலிக்கான நைட்ரேட் ஸ்ப்ரேயையும் பூட்டிய அறையில் இருப்பவரிடமிருந்து வாங்கி வைப்பது எந்தப் பாதுகாப்பு? மனச்சோர்வுக்கும் நரம்பு வலிக்கும் தரும் அமிட்ரிப்டிலின் நேர்மாறு. சேர்த்துவைத்து ஒன்றாக விழுங்கினால் இதயத் துடிப்பே தடுமாறும். ஆளையும் மருந்தையும் சேர்த்து எடைபோட்டுத்தான் தீர்மானிக்க முடியும். 2015-இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற, கைதிகளை நடத்துவதற்கான நெல்சன் மண்டேலா விதிகளில் 27-ஆவது விதி, மருத்துவ முடிவுகளை மருத்துவப் பணியாளரே எடுக்க வேண்டும், சிறை அலுவலர் அதை மீறக் கூடாது என்கிறது. வெளியே கிடைக்கும் அதே தரம், சிகிச்சை அறாத தொடர்ச்சி என்பது 24-ஆவது விதி. காசநோய், எச்.ஐ.வி., போதை அடிமை நிலை மூன்றையும் அது பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது.

அந்தத் தொடர்ச்சி அறுவது பெரும்பாலும் விடுதலையின்போதுதான். உள்ளே இருந்த காலத்தில் ஓபியாய்டு, அதாவது ஹெராயின், மார்ஃபின் வகைப் பொருள்களைத் தாங்கும் சக்தி குறைந்திருக்கும். வெளியே போய்ப் பழைய அளவையே எடுத்தால் உயிர் போகும், முதல் இரண்டு வாரம் மிக ஆபத்தானது. விடுதலை நாள் முன்கூட்டியே தெரிந்தவருக்குச் சில நாள் மருந்து, மருந்துக் கடிதம், தேவைப்பட்டால் ஓபியாய்டு மிகையை முறிக்கும் நலாக்சோன் எல்லாம் கட்டி வைத்துவிடலாம். நீதிமன்றத்திலேயே பிணை கிடைத்து அப்படியே வீட்டுக்குப் போகிறவருக்கு? அவருடைய பை எங்கள் அலமாரியில் கிடக்கும். நீதிமன்றம் போகும் ஒவ்வொருவருடைய மருந்தும் கடிதமும் முத்திரையிட்ட உறையில் காலையிலேயே வழிக்காவலர் கையில் இருக்க வேண்டும். தரநிலை எழுதும் குழு என்னைக் கேட்டால், குளிர்பெட்டிக்கு முன்னால் இதைத்தான் எழுதச் சொல்வேன்.