கண்ணை மூடிக்கொண்டு வேலை செய்ய முடியாது

கண் புறநோயாளிப் பிரிவில், கொரோனாவுக்குச் சொன்ன ஆறடி இடைவெளி என்பது நடக்கிற காரியமே இல்லை. கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் லேம்ப் கருவியில் நோயாளி தாடையை வைத்து நெற்றியை ஒட்டினால், அவர் முகத்துக்கும் நம் முகத்துக்கும் நடுவே ஒரு முழம்கூட இருக்காது. கண்ணின் உட்பக்கத்தைப் பார்க்கும் ஆஃப்தல்மாஸ்கோப்போடு டாக்டர் குனிந்தால் கன்னம் உரசாத குறைதான். கொரோனா காலம் முழுவதும் கண் மருத்துவ உதவியாளராக இந்தக் கருவிகளுக்கு முன்னால்தான் உட்கார்ந்திருந்தேன்.

சீனாவின் வூஹானில் இந்தத் தொற்றைப் பற்றி முதலில் எச்சரித்தவர்களில் ஒருவரான லீ வென்லியாங் ஒரு கண் மருத்துவர். அறிகுறியே இல்லாத க்ளாக்கோமா (கண் அழுத்த நோய்) நோயாளி ஒருவரிடமிருந்து அவருக்குத் தொற்றியிருக்கலாம் என்று சொன்னார்கள். 2020 பிப்ரவரி 7 அன்று அவர் இறந்துபோனார். அதற்குச் சில வாரங்கள் முன்பு, வூஹான் போய்வந்த பெய்ஜிங் நுரையீரல் மருத்துவர் வாங் குவாங்ஃபாவுக்கும் தொற்றியது. என்95 முகக்கவசம் போட்டிருந்தேன், கண்ணுக்கு எதுவும் போடவில்லை, காய்ச்சலுக்கு முன்பே இடது கண் சிவந்தது என்று அவர் சொல்லியிருந்தார். மூக்கும் வாயும்தான் இந்தக் கிருமிக்குப் பெரிய வழி, அதில் சந்தேகமில்லை. கண்ணையும் விட்டுவிட முடியாது என்பது எங்களுக்கு அப்போதே உறைத்தது.

"சொட்டு மருந்து விட்டா தொண்டை கசக்குது" என்று சொல்லாத நோயாளி உண்டா? இமையின் உள்மூலையில் இருக்கும் சின்னத் துளை வழியாகக் கண்ணீர் மூக்குக்கு இறங்கி, அங்கிருந்து தொண்டைக்குப் போகிறது. மருந்து போகிற பாதையில் கிருமியும் போகலாம்.

சென்னையிலேயே இதற்கு ஒரு பாடம் கிடைத்தது. தொற்றாளர்களின் குடும்பங்களை வீடு வீடாகப் போய்ப் பார்த்த 62 களப்பணியாளர்களில், மூன்றடுக்கு முகக்கவசம், கையுறை, காலணி உறை எல்லாம் போட்டிருந்தும் 2020 மே மாத முதல் பாதியில் 12 பேருக்குத் தொற்று வந்தது. அப்புறம் முகம் முழுவதையும் மறைக்கும் ஃபேஸ் ஷீல்டு கொடுத்தார்கள். தொடர்ந்து வேலை செய்த 50 பேரில் ஜூன் கடைசிவரை ஒருவருக்கும் வரவில்லை. சின்ன ஆய்வு, ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழுவும் கிடையாது. ஷீல்டு எச்சில் துளியைத் தடுத்தது ஒரு பக்கம். முகத்துக்குப் போகிற கையையும் அது தடுத்திருக்கும், அதுதான் பெரிய காரணம் என்று நான் நினைக்கிறேன்.

மூக்கை மூடிக்கொண்டும் மூச்சு விடலாம். கண்ணை மூடினால் அதன் வழியாகப் பார்த்தாகவும் வேண்டுமே! சிக்கல் முழுக்க அங்கேதான். கண்ணை ஒட்டி மூடும் காகிள்ஸ் போட்ட பத்தாவது நிமிடம் அதன் கண்ணாடி பனிமூட்டமாகிவிடும். வார்டில் சிஸ்டர்கள் நரம்பு தேடி ஊசி போட வேண்டும், எங்களுக்குக் கருவிழியில் முடியளவு கீறலைக் கண்டுபிடிக்க வேண்டும். தெரியவில்லை என்றால் கை தானாக காகிள்ஸைத் தூக்கிவிடும். தூக்குகிற அந்தக் கையுறைதான் சற்று முன் நோயாளியின் இமையை விரித்தது. அதனால், கண்ணைக் காப்பாற்ற முதல் வேலை காகிள்ஸில் மூச்சின் ஆவி படியாமல் பார்ப்பதுதான் என்று ஆயிற்று. முகக்கவசத்தின் மேல்விளிம்பை மூக்குத்தண்டோடு மைக்ரோபோர் பிளாஸ்திரி போட்டு ஒட்டினோம். கண்ணாடியின் உட்பக்கம் ஒரு சொட்டு சோப்புத் தண்ணீரைத் தடவிக் காயவிட்டோம். ஸ்லிட் லேம்ப்பில் எங்கள் முகத்துக்கும் நோயாளி முகத்துக்கும் நடுவே மறைப்பாக, ஓஎச்பி ஷீட் என்ற ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளை வெட்டி, நாங்கள் பார்க்கும் இரண்டு குழல்களுக்கும் ஓட்டை போட்டு மாட்டினோம். நோயாளியிடம் கேட்க வேண்டியதையெல்லாம் தள்ளி நின்றே கேட்டுவிடுவோம், தாடையை வைத்த பிறகு பேச்சு கிடையாது. காகிள்ஸைக் கழற்றும்போது கையுறையை எடுத்து, கையைச் சுத்தம் செய்து, பின்பக்கப் பட்டையைப் பிடித்துத்தான் கழற்றுவோம். ஹைப்போகுளோரைட்டில் (ப்ளீச் கரைசலில்) ஊறப்போட்ட காகிள்ஸை நல்ல தண்ணீரில் இரண்டு தரம் அலசவும் வேண்டும். இல்லையென்றால் அடுத்தவர் கண் எரியும்.

எங்களுக்காவது காகிள்ஸ் இருந்தது. கண்புரை ஆபரேஷன் முடிந்த ஒரு பெரியவர், தோள் துண்டையே மூக்கோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். உட்கார்ந்ததும் அதை அவிழ்த்து, மூச்சுபட்டு ஈரமான அதே மடிப்பால் கண்ணைத் துடைத்தார்.

"ஐயா, அந்தத் துண்டு கண்ணுக்கு வேண்டாம்."

"தண்ணி வடியுதே தாயி, துடைக்காம எப்படி?"

அவர் கேட்டது நியாயம். கண்ணைத் தொடாதே என்று சுவரெல்லாம் எழுதி ஒட்டியிருந்தோம், வடிகிற கண்ணுக்கு எதுவும் கொடுக்கவில்லை. அன்றிலிருந்து சுத்தமான காஸ் (காயத்துக்குக் கட்டும் மெல்லிய துணி) துண்டுகளைச் சிறு பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தோம். கையைக் கழுவு, ஒரு தரம் ஒற்று, தூக்கிப்போடு. மூன்றே சொல்தான் சொல்லித்தந்தோம், வீட்டில் பேரப்பிள்ளைகள்வரை போய்ச் சேர்ந்தது.

கடை வாசல்களில் வைத்த சானிடைசர் ஸ்டாண்டு மட்டும் எனக்குக் கடைசிவரை கோபம் மூட்டியது. காலால் மிதித்தால் பீய்ச்சுகிற அந்தக் குழாய் சரியாகச் சின்னப் பிள்ளையின் கண் உயரத்தில் இருக்கும். ஆல்கஹால் பட்டால் கருவிழியின் மேல்தோலே உரிந்துவிடலாம்.

2022 நவம்பரில் மெட்ராஸ் ஐ பரவி எங்கள் வரிசை வெளிவாசலைத் தாண்டியபோது, காஸ் பொட்டலமும் ஓஎச்பி ஷீட்டும் அப்படியே கைகொடுத்தன. கண் அழுத்தம் அளக்க விழியைத் தொடும் டோனோமீட்டர் முனையை மட்டும் ஸ்பிரிட் பஞ்சால் துடைப்பதோடு விடவில்லை. மெட்ராஸ் ஐக்குப் பெரும்பாலும் காரணமான அடினோவைரஸுக்கு ஸ்பிரிட் போதாது, நீர்த்த ப்ளீச் கரைசலில் ஊறவைத்து, அலசி, காயவைத்த பிறகே அடுத்த கண்ணைத் தொட்டோம்.