லாஸ் ஏஞ்சல்ஸின் ஓசோன்

வானத்தின் உயரத்தில் நம்மைக் காக்கும் ஓசோன், நாம் மூச்சிழுக்கும் உயரத்தில் உருவானால் நுரையீரலைப் புண்ணாக்கும் என்ற பாடத்தை லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் பட்டுத்தான் கற்றது. 1943 கோடையில் கண்ணெரிச்சலூட்டும் புகைமூட்டம் அந்நகரைச் சூழ்ந்தபோது, போர்க்காலச் செயற்கை ரப்பருக்கு மூலப்பொருள் தயாரித்த ஆலை ஒன்றின் மீதே பழி விழுந்தது. உண்மைக் காரணத்தை 1950களின் தொடக்கத்தில் கண்டறிந்தவர், அதுவரை அன்னாசிப் பழத்தின் மணத்தை ஆராய்ந்துவந்த உயிர்வேதியியலாளர் ஆரி ஹாகன்-ஸ்மிட்.

வாகனப் புகை வழியே காற்றில் சேரும் நைட்ரஜன் டை ஆக்சைடின் மீது சூரிய ஒளி படும்போது, அதிலிருந்து ஓர் ஆக்சிஜன் அணு பிரிந்து, காற்றிலுள்ள ஆக்சிஜன் மூலக்கூறுடன் சேர்ந்து ஓசோனாகிறது. மிஞ்சும் நைட்ரிக் ஆக்சைடு அந்த ஓசோனையே தின்று மீண்டும் டை ஆக்சைடாகிவிடும். எனவே இது மட்டும் நடந்தால் ஓசோன் பெரிதாகச் சேராது. எரியாத பெட்ரோல் ஆவி போன்ற கரிமச் சேர்மங்கள் இடையில் புகுந்து, ஓசோனைச் செலவழிக்காமலேயே நைட்ரிக் ஆக்சைடை டை ஆக்சைடாக மாற்றிவிடுவதில்தான் சிக்கலே தொடங்குகிறது.

எனக்கு இன்றும் வியப்பூட்டுவது வேறொன்று: டீசல் லாரிகள் குறைவாக ஓடிய வார இறுதிகளில், நைட்ரஜன் ஆக்சைடுகள் குறைந்தும், அங்கே ஓசோன் வார நாட்களைவிடக் கூடுதலாகப் பதிவாகியிருக்கிறது. ஓசோனைத் தின்ன வேண்டிய நைட்ரிக் ஆக்சைடும் குறைந்துபோனதே அதற்கு ஒரு முக்கியக் காரணம்.