கடைசில வந்து உக்கார்ற ஈ

நவம்பர் 4

கோத்தகிரில மழை விடவே இல்ல, அஞ்சு மணிக்கே லைட் போட்டாச்சு. ட்யூஷனுக்கு ஏழு பேரு, எல்லாம் குல்லாவோட. இன்னிக்கு இங்கிலீஷ்ல லாங் வவல், அதாவது நெடில் மாதிரி சொல்ற உயிரெழுத்து, ஆரம்பிச்சேன், ஆரம்பமே சொதப்பல். குறில் நெடில் தான் தெரியுமே, குறிலுக்கு ஒரு மாத்திரை நெடிலுக்கு ரெண்டு, அத வச்சே சொல்லிரலாம்னு நெனச்சேன். கிட்-டுக்குப் (kit) பின்னாடி ஒரு இங்கிலீஷ் ஈ (e) போட்டு இப்ப நீட்டி வாசிங்கன்னதும் ஏழு பேரும் ஒரே குரல்ல "கீட்"! அவங்க மேல என்ன தப்பு, இ நீண்டா ஈ தான, நான்ல நடுவுல ஐ-ன்னு மாத்துறேன். மூணாங்கிளாஸ் பொடியன் ஒருத்தன் நேம்-ங்கிறத (name) "நாமே"ன்னு வாசிச்சான். எல்லாம் விழுந்து விழுந்து சிரிக்க நானும் சிரிச்சுட்டேன்.

நவம்பர் 6

லாங்-ங்கிற பேச்சையே விட்டாச்சு. கடைசில ஒரு ஈ வந்து உக்காரும், அது வாயே தொறக்காது, ஆனா முன்னாடி இருக்குற எழுத்தக் கிள்ளி விடும், அது வலி தாங்காம தன் பேர கத்தும்னேன். ஐ-ய கிள்ளினா "ஐ", ஓ-வ கிள்ளினா "ஓ". பாவம் ஹாப், கிள்ளு வாங்கி ஹோப் ஆயிருச்சு. ஈ-ன்னதும் கைய தட்டி ஈ அடிக்க ஆரம்பிச்சதுங்க, அடங்க பத்து நிமிஷம்.

ஏ (a)-ல தான் மாட்டிக்கிட்டேன். தண்ணி வர்ற டேப்பும் டெய்லர் கழுத்துல கெடக்குற டேப்பும் நம்ம வாயில ஒண்ணுதான், தமிழ்ல எழுதினாலும் ஒண்ணுதான். குழாய்க்கு வாய நல்லா தொறக்கணும், டெய்லருக்கு சிரிக்கிற மாதிரி இழுக்கணும்னு நானே கண்ணாடி முன்னாடி நின்னு செஞ்சு பாத்துட்டு வந்து காட்டினேன்.

நவம்பர் 7

வீட்ல பேசுற வார்த்தையில இந்த மாதிரி இருக்கான்னு தேடிட்டு வரச் சொல்லிருந்தேன். லைன் வீட்டுப் புள்ள ஒண்ணு மொத வார்த்தையே "லைன்"னு எழுதிருந்தா. அப்புறம் கேட், பைக், பைன் மரம், ஊட்டி லேக். வாயில எல்லாம் சரியாத்தான் இருந்திருக்கு, எழுத்தா பாத்தா தான் பயம். போட் ஹவுஸ் போட்-ல ஈ-ய காணோம்னு ஒரு சண்டை. அங்க ஓ பக்கத்துல ஏ உக்காந்து கிள்ளுதுன்னு சமாளிச்சேன்.

நவம்பர் 10

கரண்ட் இல்ல, போன்ல படிச்சிட்டு இருந்தேன். சாசர்ங்கிற பழைய இங்கிலீஷ் கவிஞர் காலத்துல, அதாவது 1400-க்கு முன்னாடி, நேம்-அ கிட்டத்தட்ட "நாம"ன்னு தான் சொல்லிருக்காங்க, டைம் "டீம". கடைசி ஈ-க்கும் அப்ப சத்தம் இருந்திருக்கு! லாங்-னா நெஜமாவே நெடில் தான். அப்புறம் அந்த ஈ வாய மூடிருச்சு, 1700 வரைக்கும் நெடில் எல்லாம் ஒண்ணொண்ணா இடம் மாறிருச்சு, ஆனா நடுவுல 1476-ல காக்ஸ்டன்ங்கிறவர் இங்கிலாந்துல அச்சுக்கூடம் வச்சதுல எழுத்து கொஞ்சங்கொஞ்சமா பழசாவே நின்னுருச்சு. அப்ப நம்ம பொடியன்?

நவம்பர் 11

அவன்கிட்ட சொன்னேன், நீ வாசிச்ச மாதிரி தான்டா அறுநூறு வருஷத்துக்கு முன்னாடி வெள்ளக்காரனே வாசிச்சான்னு.

"அப்ப ஏன் மிஸ் சிரிச்சீங்க?"

ஒரு வர்க்கி எடுத்து குடுத்தேன். வாங்கி கடிச்சுக்கிட்டே ஹேவ்-ல ஈ இருக்கே அது ஏன் கிள்ளலன்னான். இங்கிலீஷ்ல வி-ய கடைசில தனியா விடமாட்டாங்கடா, தொணைக்கு உக்காந்திருக்குன்னேன். கொஞ்ச நேரம் மென்னுட்டு, "அப்ப ஃபைவ்-ல?"